நூலகம் எப்படி இருக்கு? மாணவர்களிடம் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

பல்கலைக்கழக நூலகத்தில் 'திருப்தியா?' என்று மட்டும் கேட்டால், 'ஆமா' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எதைச் சரிசெய்வது என்பது கடைசிவரை தெரியாது.

இதற்குத் தீர்வாக, அமெரிக்காவில் 2000-ல் தொடங்கப்பட்டதுதான் 'லிப்குவால்' சர்வே.

எப்படி நடக்கிறது?

ஊழியர்களின் சேவை, தகவல் கிடைக்கும் வசதி, படிக்கும் இடம் என மொத்தம் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண்கள்: குறைந்தபட்சம் எவ்வளவு வேணும், எவ்வளவு இருந்தா நல்லது, இப்போ எவ்வளவு இருக்கு.

உதாரணமாக, அமைதியான இடத்துக்குக் குறைந்தபட்சம் 6 எதிர்பார்க்கும் மாணவர்கள், இப்போதைய நிலைக்கு 4 கொடுத்தால், முதல் வேலை அங்கேதான்.

கேட்டதோடு முடியவில்லை. என்ன மாறியது, எது முடியாது, ஏன் என்பதை நோட்டீஸ் போர்டில் சொல்லணும். இல்லையென்றால், அடுத்த முறை யாரும் ஃபார்மைத் தொடவே மாட்டாங்க.