பரணில் கிடக்கும் பறவைக் குறிப்புகள்



எங்கள் வட்டாரப் பறவை ஆர்வலர் குழுவின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம். வடிவமைப்பவர் ஒருவர் தலையில் கட்டிவிடாமல், உறுப்பினர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அதில் கற்றதை மற்ற ஊர்க்காரர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. உள்ளே பென்சில் எழுத்தில், “மடைப்பக்கம், காலை 6.20, நத்தைகுத்தி நாரை 14, தண்ணீர் முழங்கால் அளவு” என்று நாள்வாரியாகக் குறிப்புகள். ஒரு குளம் எப்படி மாறியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியல்கள் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதற்கு முந்தைய நோட்டுகள்தான் பரண்களில் மட்கிக்கொண்டிருக்கின்றன.

“இங்கிலீஷ் பேர் மட்டும் போட்டா எங்களுக்கு எப்படிப் புரியும்?” என்று கேட்டார் விவசாய உறுப்பினர் ஒருவர். நியாயமான கேள்வி. வயலில் கத்தும் ஆள்காட்டியை அறியாத உழவர் யார்? இனி எங்கள் இணையதளத்தில் பறவைகளின் தமிழ்ப் பெயர்தான் முதலில் வரும். கூடுகள் இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவதில்லை என்றும் முடிவெடுத்தோம். படம் எடுக்கும் கூட்டம் நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டுவிடக்கூடும்.

வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பறவைகளைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் ஊர் மக்களே. அவர்கள் அறிந்ததும் எழுதியதும் அழியக் கூடாது. உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு நோட்டு இருந்தால், பக்கத்திலுள்ள பறவை ஆர்வலர் குழுவிடம் தயவுசெய்து சேர்ப்பியுங்கள்.

– வாசகர் ஒருவர், திருநெல்வேலி