இலேசான ஆடி, கனமான பாடம்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒன்று உள்ளது. அதன் 320 ஆடிகளும் கண்ணாடியால் ஆனவை அல்ல, 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடுகளின்மீது பொன் படலம் ஏற்றப்பட்டவை. மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை உருவாக்கியது.

ஏன் இந்த மெலிவு? நேராக விழும் எக்ஸ் கதிரை ஆடி உறிஞ்சிவிடும். உரசிச் செல்லும் கதிர் மட்டுமே பிரதிபலிக்கும். எனவே, ஆடிகளைக் குழல்போல் வளைத்து ஒன்றினுள் ஒன்றாக அடுக்க வேண்டும். தகடு மெலிந்தால் அடுக்குகள் கூடும். சேரும் கதிரும் கூடும். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் விண்ணேறிய அமெரிக்கத் தொலைநோக்கியான 'சந்திரா'வில் கனத்த கண்ணாடியாலான நான்கே அடுக்குகள். காட்சி மிகக் கூர்மையானது. நம்முடையதில் 40 அடுக்குகள். கூர்மை குறைவு, எடையும் குறைவு. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்கும் இக்கணக்கைத்தான் வகுப்பறையில் வாய்ப்புச் செலவு என்று கற்பித்தேன்.

என் கவலை வேறு. 2024 ஜனவரி 1-இல் ஏவப்பட்ட எக்ஸ்போசாட்டின் கருவிகளுக்குக் கதிரைக் குவிக்கும் ஆடிகள் தேவைப்படவில்லை. அறிவியல் நோக்கில் அது சரியான தேர்வே. ஆனால், செய்யச் செய்யத்தான் திறன் வளரும் என்பதை 1962-இலேயே கென்னத் ஆரோ விளக்கினார். அடுத்த பணி எப்போது என்று தெரியாவிட்டால், கைவந்த நுட்பம் அதை அறிந்தவர்களோடு ஓய்வுபெற்றுவிடும்.

தமிழகத்தின் 2025-ஆம் ஆண்டு விண்வெளித் தொழில் கொள்கை ரூ.10,000 கோடி முதலீட்டை இலக்காகக் கொண்டுள்ளது. அதில் கடலூர் மாவட்டத்துக்கு என்ன பங்கு? இங்கே சிப்காட் வளாகம் என்றால் ரசாயன ஆலைகளே நினைவுக்கு வருகின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருந்தும், பொறியியல் பட்டதாரிகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பேருந்து ஏறுகிறார்கள். மெல்லிய படலம் பூசுதல், நுண்ணளவுச் சோதனை போன்ற திறன்கள் மருத்துவக் கருவிகளுக்கும் மின்னணுத் தொழிலுக்கும் பயன்படுபவை. அவற்றுக்குப் பெரும் நிலப்பரப்பு வேண்டாம். தூசியற்ற கூடமும் பயிற்சி பெற்ற கைகளும் போதும்.

நிலமும் வரிச்சலுகையும் மட்டும் தொழிலை வளர்க்கா. ஆண்டுதோறும் சிறிய அளவிலேனும் சோதனை ஆடிகளுக்கு இஸ்ரோ கொள்முதல் ஆணை தரட்டும். மாநில அரசு பல்கலைக்கழகத்தில் பயிற்சிக் கூடம் அமைக்கட்டும். ஒருமுறை பெற்ற திறனைத் தொடர்ந்து பேணுவதற்கு ஆகும் செலவு, இழந்தபின் முதலிலிருந்து கற்பதற்கு ஆகும் செலவைவிட எப்போதும் குறைவே.