டீமை மாத்தாம சிஸ்டத்தை மாத்த ஏலாது

சொஃப்ட்வெயார் வேலைக்குப் போற எங்கள்ல பலரும் முதல்ல வாங்குற ஏச்சு, "ஏன் இன்னும் முடியல்ல?" என்பதுதான். பல நேரம் பிழை எங்கட கோடிங்கில இல்ல, டீம் பிரிச்ச விதத்தில இருக்கு. இதை மேலிடத்துக்குச் சொல்லப் பழகணும் என்பதுதான் எங்கட கருத்து.

1967இல் மெல்வின் கொன்வே என்ற அமெரிக்கக் கணினியாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிறுவனத்துக்குள்ள யார் யாரோட பேசுறாங்களோ, அது உருவாக்குற சிஸ்டமும் அதே அமைப்பைத்தான் எடுக்கும் என்றார். ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ கருத்து நிறுவப்படவில்லை என்று திருப்பி அனுப்ப, டேட்டாமேஷன் இதழ் அதை வெளியிட்டது. இன்று அதன் பெயர் 'கொன்வே விதி'.

கரைவலை இழுக்கிறதைப் பாத்தவங்களுக்கு இது புதுசில்ல. கரையில ரெண்டு பக்கமும் ஆட்கள் எங்க நிக்கிறாங்க, எப்படி நெருங்கி வாறாங்க என்கிறதைப் பொறுத்துத்தான் தண்ணிக்குள்ள வலை விரியும். ஒரு பக்கம் பிந்தினா வலை கோணும், மீன் போயிடும்.

ஸ்கிரீனுக்கு ஒரு டீம், சேர்வருக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று பிரிச்சா, பில்லில ஒரு கட்டம் கூட்டுறதுக்கும் மூணு டீமும் ஒன்றுக்கொன்று காத்திருக்கணும். பில்லிங் முழுவதையும் ஒரே டீம் பொறுப்பெடுத்தா அந்தக் காத்திருப்பு குறையும். பொதுவான பகுதிகளுக்கும் தனிப் பொறுப்பு வேணும். இலங்கையில 2005இல் தொடங்கின டபிள்யூ.எஸ்.ஓ.2, தன்னுடைய பல தயாரிப்புகளுக்கும் பொதுவானதை 2009இல் 'கார்பன்' என்ற ஒரே தளமாக்கியது. அப்படியொரு தளத்துக்குச் சொந்தக்கார டீம் இல்லாட்டி, எல்லாரும் பாவிப்பாங்க, யாரும் திருத்த மாட்டாங்க.

மேலிடத்துக்கு மைக்ரோசேர்விஸ் பற்றி விளக்கினா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. அதைவிட, கடைசியாச் செய்த பத்து மாற்றங்களை எடுங்க. ஒவ்வொன்றும் எத்தனை டீமைத் தாண்டிச்சு, வேலை நடந்த நாள் எத்தனை, சும்மா காத்திருந்த நாள் எத்தனை என்று ஒரு தாள்ல எழுதுங்க. சம்பளக் கணக்குப் பாக்கிறவங்களுக்கு அது உடனே விளங்கும். முழுக் கொம்பனியையும் புரட்டச் சொல்லாம, ஒரு பகுதிக்கு மட்டும் மூணு மாசம் கேளுங்க. முடிவில அதே கணக்கைத் திரும்ப எடுங்க.

நட்டமும் இருக்கு. டேட்டாபேஸ் ஆட்கள் பல டீமுக்குப் பிரிஞ்சு போனா, ஒருத்தர்ட்ட ஒருத்தர் படிக்கிறது குறையும். சில மேனேஜர்மாரின் கதிரையும் ஆடும். இதையெல்லாம் மறைச்சுக் கேட்டா, முதல் கூட்டத்திலயே திட்டம் விழுந்திடும்.

ஜூனியர் சொன்னா யார் கேப்பாங்க என்று நினைக்கலாம். ஆனா ஒவ்வொரு நாளும் காத்திருக்கிறது நாங்கதான். அந்தக் கணக்கை எங்களவுக்குச் சரியா எழுத மேலிடத்தாலயும் ஏலாது.