டீசல் வேனுக்குப் பெட்ரோல் இஞ்சின்: கணக்குப் போட்டுப் பார்த்தோமா?



2024 ஜூன் 10ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. ரோன் 95 பெட்ரோல் 2.05 ரிங்கிட்டிலேயே நின்றது. அந்த வாரமே என் மாமா ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவரிடம் இருபது வயதைத் தாண்டிய டீசல் வேன் ஒன்று இருக்கிறது. வேலை ஓய்வுக்குப் பிறகு அதன் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தியிருக்கிறார். அத்தையும் அவரும் அவ்வப்போது கேமரன் மலைக்குப் போய், வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி வருவார்கள்.

"பட்டறையில பெட்ரோல் இஞ்சின் மாத்தித் தரேங்கிறாங்க. 8,000 ரிங்கிட்டாம். நீ சயன்ஸ் டீச்சர்தானேம்மா, மாத்தலாமா சொல்லு" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எண்ணெய் நிலையத்தின் விலைப் பலகையை மட்டும் பார்த்து இஞ்சினை மாற்றக் கூடாது.

முதலில் கணக்கு. லிட்டர் விலையை ஒப்பிடுவதைவிட, கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதே சரி. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. பெட்ரோலில் ஏறக்குறைய 32. அந்த ஆற்றலில் அதிகப் பங்கை வேலையாக மாற்றுவதும் டீசல் இஞ்சின்தான். ஆகவே மாமாவின் வேன் ஒரு லிட்டர் டீசலில் 10 கிலோமீட்டர் ஓடினால், பெட்ரோலில் 8 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம்.

அன்றைய விலையில் மாதம் 1,000 கிலோமீட்டருக்கு டீசல் 100 லிட்டர், 335 ரிங்கிட். பெட்ரோல் 125 லிட்டர், 256.25 ரிங்கிட். மிச்சம் 78.75 ரிங்கிட். போட்ட 8,000 ரிங்கிட்டை எடுக்க ஏறக்குறைய 102 மாதங்கள், அதாவது எட்டரை ஆண்டுகள் ஆகும்! அதுவரை வேன் தாங்குமா?

இன்னொன்றும் உண்டு. 2024இல் புடி மடானி திட்டத்தில், தகுதி பெற்ற டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் கிடைத்தது. அது மாமாவுக்குக் கிடைத்தால், டீசலுக்கு அவர் கையிலிருந்து போவது 135 ரிங்கிட்தான். இஞ்சினை மாற்றினால் அந்த உதவியும் போய், மாதச் செலவு கூடிவிடும். பெட்ரோலின் அன்றைய 2.05 ரிங்கிட்டும் அரசாங்க மானியம் தாங்கிய விலைதான். அது எட்டரை ஆண்டுகளுக்கு அசையாது என்று யார் உறுதி சொல்லியிருக்க முடியும்?

அடுத்து அறிவியல். 1876இல் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு இஞ்சினின் வழிவந்ததுதான் இன்றைய பெட்ரோல் இஞ்சின். அது பெட்ரோல் ஆவியையும் காற்றையும் கலந்து அமுக்கி, தீப்பொறியால் எரிக்கிறது. 1897இல் ருடோல்ஃப் டீசல் இயக்கிக் காட்டிய இஞ்சினுக்குத் தீப்பொறியே வேண்டாம். காற்றை மட்டும் அது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே விளைவுதான். இங்கே காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பல வேறுபாடுகள் பிறக்கின்றன. டீசல் இஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசை தரும். தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில், கட்டிலும் தண்ணீரும் சுமந்த வேன் நிதானமாக ஏறுவது அதனால்தான். பெட்ரோல் இஞ்சின் அதே வேலையைச் செய்ய வேகமாகச் சுழல வேண்டும். கியர் பெட்டியும் அதற்கேற்ப அமைய வேண்டும்.

பிரேக்கையும் மறக்கக் கூடாது. பெட்ரோல் இஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு இருப்பதால், அதன் பின்னே காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தமே பிரேக் மிதிக்கத் துணை செய்கிறது. பழைய டீசல் இஞ்சின்களில் பொதுவாக அந்த வால்வு கிடையாது. அழுத்தத்தைக் குறைக்கத் தனிப் பம்பு உண்டு. இஞ்சினை மாற்றும்போது இந்தக் குழாயைச் சரியாக இணைக்காவிட்டால் பிரேக் கல்லாக இறுகிவிடும். மலை இறக்கத்தில் அப்படி ஆனால் என்ன நடக்கும்?

எனக்கு மிகவும் கவலை தந்தது மற்றொன்று. டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் எளிதில் தீப்பற்றும் ஆவியை விடும். பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரி குளிரிலும் விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; வண்டியின் தரையோரம் தங்கும். எண்ணெய்க் குழாய் எங்காவது கசிந்தால், அதே வண்டியில் அத்தை அடுப்பைப் பற்றவைப்பதை நினைத்துப் பாருங்கள். மேலும், டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுத்து உறங்கும் வண்டிக்குள் அது நுழைந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியென்றால் டீசல் நல்லது என்கிறேனா? இல்லை. 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில், ஐந்தடி நடைபாதையில் நடப்பவர்கள்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். "அதனால்தான் மாற்றுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கரும்புகைக்கு அடைபட்ட காற்று வடிகட்டியும் தேய்ந்த இன்ஜெக்டரும்கூடக் காரணமாகலாம். முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

இஞ்சின் முற்றாகப் பழுதாகிவிட்டால் வேறு கதை. டொயோட்டா ஹைஏஸ் போன்ற வேன்கள் டீசல், பெட்ரோல் இரண்டு வகையிலும் தொழிற்சாலையிலிருந்தே வந்தவை. அந்த மாடலுக்குரிய பெட்ரோல் இஞ்சினை, கியர் பெட்டியோடும் எண்ணெய்க் குழாய்களோடும் சேர்த்து மாற்றலாம். அதற்கு ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் அவசியம். கிராண்டில் புதிய இஞ்சின் எண் பதிவாக வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று சொல்லும் பட்டறையை நம்பாதீர்கள்.

மாமா காகிதத்தில் தானே ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, வடிகட்டியை மாற்றிக்கொண்டார். புகை குறைந்திருக்கிறது. டீசல் இஞ்சின் அப்படியே இருக்கிறது.

மாணவர்களே, இயற்பியல் வகுப்பில் படிக்கும் அழுத்தமும் வெப்பமும் தேர்வுத் தாளுக்கு மட்டும் உரியவை அல்ல. உங்கள் வீட்டிலும் பழைய வேனோ லோரியோ இருக்கலாம். மாதம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று இன்றே அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். பட்டறைக்குப் போகுமுன் அந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.