பேரேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள இவர்கள் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆன்லைனில் மாதச் சந்தா வாங்கித் தொழில் செய்பவர்கள் கடைசிவரை படியுங்கள். சந்தா கட்டுபவர்களும் படியுங்கள். "உங்கள் பாதுகாப்புக்காக" என்று சொல்லித்தான் இந்த விளையாட்டு நடக்கிறது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி மரச்செக்கு எண்ணெயை மாதச் சந்தாவில் வீடுகளுக்கு அனுப்புகிறாள். பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் நிறுவனத்தின் கட்டணம் அதிகம், பணமும் தாமதமாக வருகிறது என்று வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தாள். "தாராளமாகப் போங்கள். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களின் கார்டு டோக்கன்கள் எங்களிடம்தான் செல்லும். அங்கே போய் ஒவ்வொருவரையும் மறுபடி பதியச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. அவள் மாறவில்லை. இன்றும் அதே கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

முப்பது வருடம் வணிகவியல் நடத்தியவன் நான். முதல் பாடத்திலேயே சொல்வேன்: கணக்கப்பிள்ளை மாறலாம், பேரேடு கடையில்தான் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும் கணக்கப்பிள்ளை பேரேட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனால் ஊர் சும்மா விடுமா? இங்கே அதுதான் நடக்கிறது. பெயர் மட்டும் டெக்னாலஜி.

இது எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். 2022 அக்டோபர் 1 முதல், கார்டை வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் தவிர வேறு யாரும் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. எண்ணுக்குப் பதில் டோக்கன். நல்ல விதி, அதில் எனக்குச் சண்டை இல்லை. கண்ட கண்ட இணையதளத்தில் நம் கார்டு எண் கிடந்த காலம் ஒழிந்தது.

ஆனால் ஒரு டோக்கன் மூன்று பேரைச் சேர்த்துக் கட்டிய முடிச்சு: அந்தக் கார்டு, அந்தக் கடை, டோக்கனைக் கேட்டு வாங்கிய நிறுவனம். பெரிய கம்பெனிகள் தாங்களே டோக்கன் வாங்கும் தகுதியைப் பெற்றுக்கொள்கின்றன. எண்ணெய் விற்பவளால் அது முடியுமா? அவளுக்காகப் பேமென்ட் நிறுவனம் வாங்குகிறது. அவள் விலகினால் முடிச்சு அறுந்துவிடும். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் மேண்டேட்டும் இப்படித்தான். புதிதாகப் பதிய வாடிக்கையாளர் மறுபடி ஓடிபி போட வேண்டும்.

"ரெண்டு நிமிஷ வேலைதானே சார்?" என்பீர்கள். உங்களுக்கு வரும் இப்படிப்பட்ட மெசேஜில் எத்தனையைத் திறந்து பார்க்கிறீர்கள்? மோசடி லிங்க்காக இருக்குமோ என்று பயந்து விடுகிறோம். பயப்பட வேண்டும் என்று நானே உங்களுக்கு ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன். ஆக, நேர்மையான கடைக்காரர் அனுப்பும் லிங்க்கும் குப்பைக்குப் போகிறது, சந்தா போகிறது. இது பேமென்ட் நிறுவனங்களுக்கும் நன்றாகத் தெரியும். அந்த பயம்தான் அவர்கள் போட்ட பூட்டு.

"பாதுகாப்பு" என்பது அடுத்த சாக்கு. வெளிநாடுகளில் நடப்பதைப் பாருங்கள். கார்டு விவரம் சேமிக்க அனுமதி உள்ள இடங்களில், பழைய நிறுவனம் அதைப் பூட்டிய கோப்பாகப் புதிய நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்புகிறது. இரண்டுக்கும் பி.சி.ஐ. பாதுகாப்புச் சான்று இருக்க வேண்டும். கடைக்காரர் கண்ணில் ஒரு எண்கூடப் படாது. ஸ்ட்ரைப், பிரெயின்ட்ரீ போன்றவை இதற்கான வழிமுறையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. பிரிட்டனில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டைரக்ட் டெபிட் ஒப்புதல்களை, கடை நிறுவனம் மாறும்போது மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். வாடிக்கையாளருக்கு முன்கூட்டித் தகவல் போகும், புதுக் கையெழுத்து தேவையில்லை. கார்டு எண்ணையே பத்திரமாக மாற்ற முடிகிறது என்றால், எண்ணே இல்லாத டோக்கனை மாற்றுவதில் என்ன ஆபத்து?

ஒரு எதிர்வாதத்தில் மட்டும் நியாயம் உண்டு. மறந்துபோன சந்தாவுக்கு மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருப்பவருக்கு, மறுபடி கேட்பது நல்லதுதானே? சரி. அதற்குத்தான் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்பும் விதி இருக்கிறது. மாற்றும்போதும் தகவல் அனுப்புங்கள், ஒரே தட்டில் நிறுத்தும் வசதி கொடுங்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் அந்த முடிவை அவர் எடுக்கட்டும். அவர் சம்மதம் கொடுத்தது எண்ணெய்க் கடைக்கு. நடுவில் நிற்பவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது!

2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் மொபைல் நம்பர் மாற்றும் வசதி வந்ததே, நினைவிருக்கிறதா? 19 ரூபாய் கட்டணத்தில் அதே நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போனோம். நம்பர் கம்பெனியின் சொத்து இல்லை என்று ஆனது. அதற்குப் பிறகுதான் கஸ்டமர் கேரில் மரியாதையாகப் பேசவே ஆரம்பித்தார்கள்.

அதே உரிமை இங்கேயும் வேண்டும். கடை எழுதிக் கேட்டால், குறித்த நாட்களுக்குள், நியாயமான கட்டணத்தில், டோக்கனும் மேண்டேட்டும் புதிய நிறுவனத்துக்கு மாற வேண்டும். ரிசர்வ் வங்கி இதை விதியாகவே போட வேண்டும். நிறுவனங்களின் பெருந்தன்மையை நம்பி விடக் கூடாது.

விதி வரும்வரை உங்களுக்கு வாத்தியாரின் வீட்டுப்பாடம். எந்த பேமென்ட் நிறுவனத்தோடும் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். டோக்கன் யார் பெயரில் வாங்கப்படும்? நான் விலகினால் என்னோடு வருமா? வருமென்றால் எத்தனை நாளில், எவ்வளவு செலவில்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டண சதவீதத்தை மட்டும் பேரம் பேசிவிட்டு வந்து என்னிடம் பெருமைப்படாதீர்கள். வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் உள்ளே போகிறவன் வியாபாரி இல்லை.

வங்கியிலும் இந்தத் துறையிலும் வேலை செய்யும் என் மாணவர்கள் சிலர் கோபப்படுவீர்கள். கோபத்தோடே கமெண்ட்டில் வாருங்கள், பதில் சொல்கிறேன். இதே போல மாட்டிக்கொண்டவர்களும் எழுதுங்கள். புகாரை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து பார்ப்போம்.