மிச்சமாகும் மின்சாரத்தில் நமக்கும் பங்குண்டு



நாம் பறிக்கும் ஏறக்குறைய நாலரை கிலோ கொழுந்துதான் ஒரு கிலோ தேயிலையாகிறது. மீதி ஆவியாகிப் போகும் நீர். அந்த நீரைப் போக்கவே தொழிற்சாலையில் விசிறிகள் இரவெல்லாம் சுழல்கின்றன. அடுப்பில் விறகு எரிகிறது.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. சம்பளம் கேட்டால் கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டுகின்றன.

செலவைக் குறைக்க வழியுண்டு. கொழுந்து வாட வாட, காற்று குறைவாகவே தேவை. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். அதற்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கின்றன. விறகைப் பிளந்து, நனையாமல் காயவைத்தால் குறைந்த விறகே போதும். 2050க்குள் காபன் சமநிலை என்று அரசும் உலகுக்கு வாக்களித்திருக்கிறது. இந்த மாற்றத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் விசிறியைக் கவனிப்பதும் விறகை அடுக்குவதும் நம் கைகளே. செலவு ஏறும்போது நமக்குக் காட்டும் கணக்கை, இறங்கும்போது மூடிவைக்கக் கூடாது. கருவி வந்ததென்று எவருடைய வேலையும் போகக் கூடாது.

அடுத்த சம்பளப் பேச்சுக்கு முன், ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தொழிற்சாலையின் மின்சார, விறகுக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.