கார்புரேட்டர் என்ன பாவம் செய்தது?

மிஸ்டர் பீன் ஓட்டுவாரே, எலுமிச்சைப் பச்சை நிறத்தில் ஒரு குட்டிக் கார், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் மினி. 1959 ஆகஸ்டில் பிரிட்டனில் அறிமுகமாகி, 2000 அக்டோபர் வரை 53 லட்சத்துக்கும் மேல் தயாரான கார். இன்றைக்கும் அதைப் பிள்ளை மாதிரி வைத்துக் கொஞ்சுகிறவர்கள் அங்கே நிறைய. கொஞ்சட்டும், தப்பில்லை. ஆனால் வண்டி லேசாக இருமினால் போதும், உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கார்புரேட்டரைத் திருக ஓடுகிறார்களே, அந்தப் பழக்கத்தைத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

ஐடிலிங் சரியில்லையா? கார்புரேட்டர். மைலேஜ் இல்லையா? கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? சந்தேகமே வேண்டாம், கார்புரேட்டரேதான்!

சரி, அப்படி என்னதான் அந்தப் பொருளுக்குள் இருக்கிறது? மினியில் பெரும்பாலும் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். காலணி வியாபாரக் குடும்பத்தில் வந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் ஓர் ஊசி, அந்த ஊசி இறங்குகிற ஒரு ஜெட். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்ப பிஸ்டன் மேலே எழும்பும். ஊசியின் நுனி மெலிந்துகொண்டே போவதால், அது எழும்ப எழும்ப ஜெட்டில் இடைவெளி கூடி பெட்ரோலும் கூடுதலாக வரும். அவ்வளவுதான் சூட்சுமம். இதில் தானாகக் கெட்டுப்போவதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

பிறகு ஏன் எல்லாப் பழியும் இதன் தலையில்? கைக்கு எட்டுகிறது, திருகினால் திரும்புகிறது, திருப்பியதும் எஞ்சின் சத்தம் மாறுகிறது. ஏதோ சாதித்துவிட்ட திருப்தி! இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுத் தூங்கப் போகிற கணக்கருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? தப்பு அப்படியே உள்ளே இருக்கிறது. மேலே மட்டும் சமன்.

கார்புரேட்டர் செட்டிங் என்பது கடைசி வேலை. முதல் வேலை அல்ல. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.012 அங்குலம் இருக்கிறதா? பாயிண்ட்ஸ் உள்ள வண்டி என்றால் அந்த இடைவெளி 0.015 அங்குலம் இருக்கிறதா? பிளக், டைமிங் சரியா? மேனிஃபோல்ட் இணைப்பில் எங்காவது காற்று ஒழுகுகிறதா? பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? இத்தனையும் பார்த்த பிறகு, கார்புரேட்டரின் தலையில் உள்ள மூடியைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆயில் இல்லாவிட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பிஸ்டன் சட்டென்று துள்ளி, காற்று அதிகமாகி, வண்டி ஒரு கணம் திணறும். இந்தச் சில சொட்டு ஆயிலைப் பார்க்காமலே கார்புரேட்டரை மாற்றிய புண்ணியவான்களும் உண்டு!

அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். உடனே விழுந்தால் பெட்ரோல் குறைவு, அதாவது லீன். லேசாகக் கூடி மறுபடி பழைய வேகத்துக்கு வந்தால் சரி. பழைய எச்.எஸ். ரகத்தில் அடியில் உள்ள நட்டைத் திருப்பி ஜெட்டை ஏற்றினால் லீன், இறக்கினால் ரிச். இதற்கு எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். காதும் பொறுமையும் போதும்.

"எதற்கு இந்த மாரடிப்பு? பெரிய வெபர் கார்புரேட்டரை மாட்டினால் தீர்ந்தது" என்று ஒரு கோஷ்டி சொல்லும். தீராது ஐயா. வால்வு கருகிய எஞ்சினுக்கு எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும் வால்வு கருகியதுதான். எஸ்.யூ.வில் மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரே ஓர் ஊசி. வெபரிலோ மெயின் ஜெட், ஐடில் ஜெட், ஏர் கரெக்டர், எமல்ஷன் ட்யூப் என்று பட்டியல் நீளும். பக்கவாட்டு வெபரை மினியில் நுழைக்க, எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டையே வெட்ட வேண்டி வருவதும் உண்டு. அறுபது வருடம் தாங்கிய உடம்பில் ஓட்டை போடுவதற்குப் பெயர் ரிப்பேரா?

இன்ஜெக்‌ஷன் உயர்ந்ததுதான், மறுப்பதற்கில்லை. 1990களில் மினியே அதற்கு மாறியது. புகையைக் குறைக்க அதுதான் வழி. த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று ஒழுகும் கார்புரேட்டரும் உண்டு. அப்படியானால் அந்தத் தேய்மானத்தைச் சரி செய்யுங்கள். குற்றத்தை நிரூபித்துவிட்டுத் தண்டனை கொடுங்கள் என்பதுதான் வாதம்.

உண்மையிலேயே செட்டிங்கைப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல், 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் உண்டு. எனவே பழைய செட்டிங்கிலேயே கலவை லீன் பக்கம் சாயும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி தானே சரிசெய்துகொள்ளும், எஸ்.யூ.வுக்கு அது தெரியாது. அதிக லீனில் தொடர்ந்து ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் பலியாகும். போதாக்குறைக்கு எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். மினியில் கார்புரேட்டர் இருப்பது கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே! குழாய் வெடித்துப் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுக் கார்புரேட்டர் வாங்குகிறவர், எத்தனால் தாங்கும் குழாய் ஒன்றை வாங்க யோசிக்கிறார். இதைத்தான் சகிக்க முடியவில்லை.

அடுத்த முறை வண்டி இருமினால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஃபீலர் கேஜை எடுங்கள். கார்புரேட்டர் எங்கேயும் ஓடிவிடாது.